வயசானவங்க மாத்திரைச் செலவுக்கு அரசு வழி என்னென்ன இருக்கு: குமரி மாவட்டத்துல புதுசா இத கையில எடுக்கிறவங்களுக்கு

“காப்பீட்டு கார்டு வச்சிருக்கோம்லா, பெறகு எதுக்கு அப்பாக்க சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் காசு கொடுக்கணும்?” குமரி மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி இருக்கு, மார்த்தாண்டத்துலயும் கேக்காங்க, தோவாளையிலயும் கேக்காங்க. பதில் ஒண்ணுதான், அந்த கார்டு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா செல்லும், மருந்துக்கடையில செல்லாது. படுத்தா கார்டு, நடந்தா ஓ.பி. சீட்டு, இத மொதல்ல மனசுல போட்டுக்கிட்டா கீழ சொல்லப்போறது முக்காவாசி தானா புரிஞ்சிரும். தினமும் சாப்பிடுற பிரஷர், சுகர், கொழுப்பு மாத்திரைக்கெல்லாம் தனி வழி, ஆபரேஷன், ஐ.சி.யூ மாதிரி செலவுக்கு தனி வழி. ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டு நிறைய பேரு இருக்கிற வழியையும் விட்டுட்டு கடையில போயி நிக்காங்க.

இத யாருக்கு எழுதுறேன்னா, அப்பா அம்மாவுக்கோ பாட்டா பாட்டிக்கோ மருந்து விஷயத்த இப்பத்தான் கையில எடுத்திருக்கிற பிள்ளைகளுக்கு. வளைகுடாவுல இருந்து போன்ல பாக்குறவங்களும் இருப்பீங்க, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு உதவி பண்றவங்களும் இருப்பீங்க. மருந்த எது நல்லது எது கெட்டதுன்னு நான் சொல்லப்போறதில்ல, அது டாக்டர் வேலை. எங்க போகணும், என்ன கொண்டு போகணும், என்ன கேக்கணும், அவ்வளவுதான்.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க

எந்த ஆபீசுக்கும் போறதுக்கு முன்னால வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் மேசையில கொட்டுங்க. தலையணைக்கு அடியில இருக்கிறது, ஃப்ரிட்ஜ்ல இருக்கிறது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கிறது, எல்லாம். ஒவ்வொரு அட்டையிலயும் பெருசா இருக்கிறது கம்பெனி வச்ச பேரு, அதுக்கு கீழ பொடி எழுத்துல இருக்கும் பாருங்க, மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின்னு, அதுதான் மருந்தோட உண்மையான பேரு. அந்தப் பேரையும் எத்தனை மில்லிகிராம்னும், காலையிலயா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, எந்த டாக்டர் எழுதினாவன்னும் ஒரு நோட்டுல எழுதணும். அரசு ஆஸ்பத்திரியிலயும் சரி, மலிவு மருந்தகத்துலயும் சரி, இந்தப் பேருதான் பேசும், கம்பெனி பேரு சொன்னா அங்க வேலைக்கு ஆகாது.

இதுல நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. நாகர்கோவில்ல ஒரு டாக்டர், திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர்னு ரெண்டு இடத்துலயும் காட்டுறவங்க இங்க நிறைய, அங்க ஒரு கம்பெனி மாத்திரை, இங்க வேற கம்பெனி மாத்திரை, உள்ள இருக்கிறது ஒரே மருந்து, பாட்டா ரெண்டையும் ஒழுங்கா சாப்பிட்டுட்டு தலை சுத்துதுன்னு சொல்லுவாவ. பொடி எழுத்த ஒப்பிட்டுப் பாத்தாத்தான் இது வெளிய வரும். அப்படி ரெண்டு அட்டையில ஒரே பேரு இருந்தா நீங்களா ஒண்ண நிறுத்த வேண்டாம், ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க.

இன்னொண்ணு கூட்டு மாத்திரை. ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மூணு மருந்து இருக்கும், பொடி எழுத்துல எல்லா பேரும் போட்டிருக்கும். சுகர் மாத்திரை பேருக்கு கடைசியில “எம்”னு வந்தா பெரும்பாலும் மெட்ஃபார்மின் சேந்திருக்கு, பிரஷர் மாத்திரையில “ஏ.எம்”னு வந்தா அம்லோடிபின், “ஹெச்”னு வந்தா பெரும்பாலும் ஒண்ணுக்குப் போக வைக்கிற மருந்து. அரசு மருந்தகத்துல கூட்டு மாத்திரை அபூர்வம், தனித்தனியாத்தான் இருக்கும், அதனால எதெது சேந்திருக்குன்னு நோட்டுல பிரிச்சு எழுதி வச்சா டாக்டருக்கு மாத்தி எழுத லேசா இருக்கும். பேருக்குப் பின்னால எஸ்.ஆர், எக்ஸ்.ஆர், ஈ.ஆர்னு இருந்தா அது மெதுவா கரையிற மாத்திரை, அத பொடிச்சுக் கொடுக்கக் கூடாது, சாதா மாத்திரையோட மாத்தியும் போடக் கூடாது. இதையும் எழுதுங்க.

அவங்க முன்னால என்ன வேலை பாத்தாங்க?

இது ரெண்டாவது கேள்வி, ஆனா இதுலதான் பணம் நிறைய ஒளிஞ்சு கிடக்கு. நிறைய குடும்பத்துல இத யாரும் கேக்குறதே இல்ல.

பட்டாளத்துல இருந்து பென்ஷனோட வந்தவங்கன்னா ஈ.சி.ஹெச்.எஸ், அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம். குமரி மாவட்டத்துல எக்ஸ் சர்வீஸ்மேன் எவ்வளவு பேருன்னு உங்களுக்கே தெரியும், நாகர்கோவில்லயே பாலிகிளினிக் இருக்கு. 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்ச திட்டம் இது, மெம்பரா இருக்கிறவங்களுக்கும் அவங்க வீட்டம்மாவுக்கும் பாலிகிளினிக்ல டாக்டரப் பாத்து மாசாமாசம் மாத்திரை வாங்கலாம். கேட்ட மருந்து ஸ்டாக் இல்லன்னா வெறுங்கையோட திரும்பாதீங்க, இல்லன்னு சீட்டுல எழுதி வாங்குங்க, அது இருந்தாத்தான் வெளிய வாங்கின பில்லுக்கு காசு திரும்பக் கேக்க முடியும். கணவர் இறந்த பெறகு அம்மைக்கு இது உண்டான்னு தெரியாமலே விட்ட வீடுகள் உண்டு, குடும்ப பென்ஷன் வாங்குறவங்களுக்கும் உண்டு, கார்ட மட்டும் அவங்க பேருல சரி பண்ணணும்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ, அதாவது சம்பளத்துல பிடிச்சு நடத்துற தொழிலாளர் காப்பீடு, இதக் கொஞ்சம் நின்னு படிங்க. முந்திரி ஆலையில வேலை பாத்த அம்மைமாரு இந்த மாவட்டத்துல ஏராளம். சம்பளத்துல ஈ.எஸ்.ஐ பிடிச்சாங்கன்னு சொல்லுவாங்க, ரிட்டயர் ஆனதும் அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிடுவாங்க. அப்படி இல்ல. குறைஞ்சது 5 வருஷம் ஈ.எஸ்.ஐ இருந்த வேலையில இருந்து, வயசாகி முறைப்படி ரிட்டயர் ஆனவங்க வருஷத்துக்கு 120 ரூபா கட்டினா அவங்களுக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ வைத்தியம் தொடரும், டிஸ்பென்சரி மருந்து உட்பட. மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு 120. இதுக்கு கம்பெனி கொடுத்த ரிட்டயர்மென்ட் காகிதம் வேணும், பழைய ஈ.எஸ்.ஐ நம்பர் வேணும், ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஈ.எஸ்.ஐ கிளை ஆபீசுல போயி ரிட்டயர் ஆனவங்களுக்கான மெடிக்கல் கார்டு வேணும்னு கேக்கணும். சிக்கல் எங்க வருதுன்னா, ஆலை மூடிட்டுப் போயிருக்கும், முதலாளி காகிதம் கொடுக்க மாட்டாரு, அல்லது இடையில நின்னதா எழுதியிருக்கும், பெண்கள் வேலைக்கு வந்த நாள் கணக்கே குறைச்சு காட்டியிருக்கும். அதனால இப்ப வேலையில இருக்கிற அம்மைமாரு உங்க வீட்டுல இருந்தா, ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாலயே அந்த நம்பர் என்ன, பேரு ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கா, பிறந்த தேதி ஒண்ணா இருக்கான்னு பாத்து வச்சிருங்க. ஆலை நடக்கும்போது திருத்துறது லேசு, பூட்டின பெறகு யாரத் தேடிப் போறது.

மத்திய அரசு பென்ஷன்காரங்க, அதாவது போஸ்டல் மாதிரி, சி.ஜி.ஹெச்.எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) மையம் இல்லாத ஏரியாவுல இருந்தா வெளிநோயாளி செலவுக்குன்னு மாசம் 1000 ரூபா அலவன்ஸ் வாங்கலாம், 2017 ஜூலையில இருந்து அந்தத் தொகை. பென்ஷன் பேப்பர்ல அது வருதான்னு பாருங்க, வரலன்னா கேக்கணும், கேக்காம யாரும் கொண்டு வந்து தர மாட்டாங்க. மாநில அரசு பென்ஷன்காரங்களுக்கு மாசம் 300 ரூபா மருத்துவப் படி உண்டு, 2022 ஜூலையில இருந்து மாசம் 497 ரூபா பிடிச்சு 5 லட்சத்துக்கு காப்பீடும் உண்டு, சில பெரிய நோய்க்கு 10 லட்சம் வரைக்கும். ஆனா அந்தக் காப்பீடும் படுத்தாத்தான், மாத்திரைக்கு அந்த 300 ரூபாதான் கணக்கு. அது எந்த மூலைக்கு.

இதுல எதுவுமே இல்ல, ரப்பர் வெட்டினாரு, கடலுக்குப் போனாரு, கொத்தனார் வேலை பாத்தாருன்னா? கவலை வேண்டாம், அடுத்தது எல்லாருக்கும் பொதுவானது, மேல சொன்னவங்களுக்கும் சேத்துத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையம், அங்க இருந்து வீட்டு வாசலுக்கு

அரசு ஆஸ்பத்திரியில மருந்து வாங்க வருமான சர்ட்டிபிகேட் வேண்டாம், காப்பீட்டு கார்டும் வேண்டாம். “நமக்கெல்லாம் அது கெடைக்காது, ஏழைங்களுக்குத்தான்”னு தயங்குற நடுத்தர வீட்டுக்காரங்களுக்காக இத அழுத்திச் சொல்லுறேன், வரி கட்டி நடக்குற ஆஸ்பத்திரி, யாரு வேணும்னாலும் போகலாம்.

மொத தடவை மட்டும் பெரியவர நேர்ல கூட்டிட்டுப் போங்க. ஆதார், போன் நம்பர், நீங்க எழுதின நோட்டு, பழைய சீட்டு, கடைசியா எடுத்த ரத்தப் பரிசோதனை, முடிஞ்சா மாத்திரை அட்டைகள். காலையில போறது நல்லது, சுகர் டெஸ்ட் வெறும் வயித்துல எடுக்கணும்னா டிபன் கட்டி கையில கொண்டு போங்க, வயசானவங்கள பட்டினியா ரொம்ப நேரம் வரிசையில நிப்பாட்டாதீங்க. அங்க சுகர், பிரஷர் மாதிரி நோய்க்குன்னு தொற்றா நோய்ப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கும், நர்ஸ் பிரஷரும் சுகரும் பாத்து பதிவு பண்ணுவாங்க, டாக்டர் மருந்து எழுதுவாரு, அத அங்கயே பார்மசியில வாங்கிக்கிடலாம். பதிவு பண்ணியாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணிட்டு வாங்க, ஏன்னா பிறகு வர்ற எல்லாத்துக்கும் அதுதான் அஸ்திவாரம்.

அந்தப் பதிவு இருந்தா “மக்களைத் தேடி மருத்துவம்” வீட்டுக்கு வரும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச திட்டம், ஊர்லயே இருக்கிற பெண் தன்னார்வலர் ஒருத்தங்க வீடு வீடா வந்து பிரஷர் பாத்து, சுகர் பாத்து மாத்திரை கொடுப்பாங்க. உங்க வார்டுக்கு யாருன்னு தெரியலன்னா துணை சுகாதார நிலையத்துல இருக்கிற கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க, போன் நம்பரும் வாங்கி வச்சுக்கிடுங்க. மாத்திரை மட்டும் இல்ல, படுக்கையில கிடக்கிறவங்களுக்கு புண்ணு கட்டுறது, டியூப் மாத்துறது, வலி குறைக்கிறதுக்கு நர்ஸ் வருவாங்க, பக்கவாதம் வந்தவங்களுக்கு பிசியோதெரபி உண்டு, வீட்டுலயே வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அந்தப் பையும் கொடுக்காங்க. மாசம் முழுக்க படுக்கையில கிடக்கிற அம்மைக்கு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போற குடும்பங்கள் இந்த விஷயத்தக் கேட்டாலே பாதி அலைச்சல் தீரும்.

என்னென்ன மாத்திரை சாதாரணமா கெடைக்கும்னா மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு வகை சுகர் மாத்திரை, அம்லோடிபின், எனலாபிரில், அட்டெனலால், லோசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை, அடோர்வாஸ்டாடின், ஆஸ்பிரின். புதுசா வந்த விலை கூடின சுகர் மாத்திரைகளும் கூட்டு மாத்திரைகளும் எல்லா நிலையத்துலயும் இருக்கும்னு எதிர்பாத்துப் போக வேண்டாம். அங்க கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: “டாக்டர், இதுல எதெல்லாம் இங்க இருக்கு, இல்லாததுக்குப் பதிலா இங்க இருக்கிறது கொடுக்க முடியுமா, அல்லது அது ஒண்ண மட்டும் வெளிய வாங்கட்டுமா?” அஞ்சு மாத்திரையில நாலு இங்க கெடச்சு ஒண்ணு மட்டும் வெளிய வாங்கினாலே செலவு எவ்வளவோ குறையும். எல்லாம் கெடச்சாத்தான் போவேன்னு இருந்தா எதுவும் நடக்காது.

இன்சுலினும் அரசு ஆஸ்பத்திரியில உண்டு, பாட்டில்ல வர்றது. இதுல ஒரு ஆபத்து இருக்கு, தயவு செஞ்சு கவனிங்க. இன்சுலின் பாட்டில்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட்னு ரெண்டு உண்டு, அதுக்கு ஏத்த ஊசியும் ரெண்டு, 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாத்திப் போட்டா அளவு ரெண்டரை மடங்கு கூடிப்போகும், அல்லது குறைஞ்சுபோகும், கூடிப்போனா சுகர் ஒரேயடியா இறங்கி ஆள் மயங்கி விழுவாங்க. பாட்டில்ல எழுதியிருக்கிற எண்ணும் ஊசியில இருக்கிற எண்ணும் ஒண்ணான்னு ஒவ்வொரு தடவை புதுசா வாங்கும்போதும் பாருங்க. பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் பென்ல இருந்து பாட்டிலுக்கு மாறும்போதுதான் இந்தக் குழப்பம் அதிகம், நர்ஸ போட்டுக் காட்டச் சொல்லுங்க, கூச்சப்பட வேண்டாம்.

இங்க எப்பவும் வர்ற ஒரு பேச்சு, “கவர்மென்ட் மாத்திரை கேக்காது”. பாட்டாமாரு இதுல ரொம்ப பிடிவாதமா நிப்பாவ. அரசு மருந்து வாங்கி அனுப்புறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994-ல ஆரம்பிச்சது, ஒவ்வொரு பேட்ச் மருந்துலயும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, சரின்னு வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். டெண்டர் மாறும்போது கம்பெனி மாறும், அதனால போன மாசம் வெள்ளையா இருந்த மாத்திரை இந்த மாசம் மஞ்சளா இருக்கும், அட்டை வேற மாதிரி இருக்கும், அதப் பாத்துட்டு “மருந்த மாத்திட்டாவ”ன்னு சாப்பிடாம வச்சிருவாங்க, அல்லது பழசையும் புதுசையும் சேத்து சாப்பிட்டிருவாங்க. பேச்சுல நம்ப வைக்க முடியாது. ஒரு மாசம் அரசு மாத்திரை மட்டும் சாப்பிட்டு பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவுன்னு நோட்டுல எழுதுங்க, எண்ணப் பாத்துட்டு அவங்களே முடிவு பண்ணட்டும். எண்ணு சரியா வரலன்னா டாக்டர்கிட்ட அந்த நோட்டோட போனா அளவு கூட்டுவாரு, அதுவும் நல்லதுதான்.

பெரிய டாக்டர் பாக்கணும்னா பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, தக்கலையில பத்மநாபபுரம் ஆஸ்பத்திரி, குழித்துறை, குளச்சல், இல்லன்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். ஆசாரிப்பள்ளத்துல கூட்டம் எப்படின்னு போனவங்களுக்குத் தெரியும். அதனால என் யோசனை, இதயம், சிறுநீரகம், நரம்புன்னு ஸ்பெஷலிஸ்ட் பாத்து மருந்து முடிவு பண்றதுக்கு மட்டும் அங்க போங்க, மாசாமாசம் மாத்திரை வாங்குறத உங்க ஊர் நிலையத்துல வச்சுக்கிடுங்க. அங்க டாக்டர்கிட்டயே சொல்லுங்க, “எங்க ஊர்ல தொடர்ந்து வாங்குற மாதிரி எழுதித் தாங்க”ன்னு. திருவனந்தபுரத்துல ஸ்ரீசித்திரை ஆஸ்பத்திரியிலயோ வேற எங்கயோ பாத்தவங்களுக்கும் இதேதான், அந்த சீட்டக் கொண்டுவந்து ஊர் டாக்டர்கிட்ட காட்டினா இங்க இருக்கிற மருந்த இங்கயே வாங்கலாம்.

மலிவு மருந்தகம் ரெண்டு வகை

அரசு ஆஸ்பத்திரியில கெடைக்காத அந்த ஒண்ணு ரெண்டு மாத்திரைக்கு இங்க வாங்க. மத்திய அரசோடது மக்கள் மருந்தகம், 2008-ல ஜன் ஔஷதின்னு ஆரம்பிச்சது. மாநில அரசோடது முதல்வர் மருந்தகம், 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி ஒரே நாள்ல 1000 கடை திறந்தாங்க, கூட்டுறவு சங்கமும் பார்மசி படிச்சவங்களும் நடத்துறது. ரெண்டுலயும் கம்பெனி பேரு இல்லாத ஜெனரிக் மருந்து, வெளி விலையில பாதி, சிலது அதுக்கும் கீழ. வருமானம், வயசு எதுவும் கேக்க மாட்டாங்க, டாக்டர் சீட்டு மட்டும் கேப்பாங்க.

போறதுக்கு முன்னால நோட்ட எடுங்க. மருந்துப் பேரு, மில்லிகிராம், சாதாவா எஸ்.ஆரா, மூணும் ஒத்துப்போகணும். மக்கள் மருந்தகத்துக்கு “ஜன் ஔஷதி சுகம்”னு ஒரு ஆப் இருக்கு, அதுல பக்கத்துல கடை எங்க, மருந்து விலை என்னன்னு பாத்துக்கிடலாம், ஆனா ஆப்ல இருக்கிறதால அந்தக் கடையில இருக்கும்னு அர்த்தம் இல்ல, போன் பண்ணிட்டுப் போங்க. “ஜெனரிக்”னு போர்டு வச்ச தனியார் கடையும் இப்ப நிறைய வந்திருக்கு, அது இந்த ரெண்டும் இல்ல, விலை கேட்டுட்டு வாங்குங்க.

ஒரு சில மருந்துல மட்டும் கம்பெனி மாத்துறதுக்கு முன்னால டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க: தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற வார்ஃபரின் மாதிரி மாத்திரை, வலிப்பு மாத்திரை. இதுல கொஞ்சம் ஏறி இறங்கினாலும் உடம்புல தெரியும், மாத்தினா சில வாரம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க.

கோட்டாறுல அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மூட்டு வலிக்கு தைலமும் கஷாயமும் வாங்க வயசானவங்க அங்க நிறைய போறாங்க, தாராளமா போகட்டும், அங்க வாங்குறதையும் அதே நோட்டுல எழுதுங்க, ரெண்டு பக்கத்து டாக்டருக்கும் சொல்லுங்க. வைத்தியர் கஷாயம் கொடுத்தாருன்னு சுகர் மாத்திரைய நிறுத்துறது மட்டும் கூடாது.

கார்டு, அதாவது படுத்தா

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுல இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போகணும், ரேஷன் கார்டுல பேரு இருக்கிறவங்க போட்டோ எடுக்க வரணும். சந்தேகம்னா 1800 425 3993.

70 வயசு ஆனவங்களுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா, மத்திய அரசோட ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்துல வர்ற கார்டு, 2024 அக்டோபர் 29-ல இருந்து. இதுக்கு வருமான வரம்பு கெடையாது, ஆதார்ல 70 ஆகியிருந்தா போதும், 5 லட்சம், ஆனா வீட்டுல 70 தாண்டின ரெண்டு பேரு இருந்தா அது ரெண்டு பேருக்கும் சேத்து. ஈ.சி.ஹெச்.எஸ், சி.ஜி.ஹெச்.எஸ் இருக்கிறவங்க அதுவா இதுவான்னு ஒண்ணத்தான் வச்சுக்கிட முடியும், பட்டாளத்துப் பாட்டாமாரு இதுக்காக ஈ.சி.ஹெச்.எஸ்ஸ விட்டிராதீங்க, அதுல மாத்திரையும் கெடைக்குது, இதுல கெடைக்காது. ஈ.எஸ்.ஐ இருந்தா ரெண்டும் வச்சுக்கிடலாம்.

எந்தக் கார்டா இருந்தாலும் அட்மிட் ஆகுறதுக்கு முன்னால அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல போயி, “இந்தக் கார்டு, இந்த நோய்க்கு, இங்க செல்லுமா?”ன்னு கேளுங்க. திருவனந்தபுரம் போறவங்க இத ரெண்டு தடவை கேளுங்க, கேரளத்து மாநிலத் திட்டம் கேரளத்துக் குடும்பங்களுக்கு, பக்கத்துலதான இருக்கோம்னு நமக்கும் கெடைக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போக வேண்டாம்.

டிஸ்சார்ஜ் நேரத்துல ஒரு விஷயம். ஆயுஷ்மான் திட்டத்துல டிஸ்சார்ஜ் ஆன பெறகு 15 நாள் வரைக்கும் மருந்தும் பேக்கேஜ்ல சேந்தது. கட்டிக் கொடுத்த மருந்து எத்தனை நாளைக்குன்னு கேளுங்க, அந்த நாளுக்குள்ள டிஸ்சார்ஜ் சம்மரியோட ஊர் சுகாதார நிலையத்துல போயி பதிவு பண்ணிட்டா இடையில மருந்து அறுபடாது. ஸ்டென்ட் வச்சவங்க, பக்கவாதம் வந்தவங்க ஒரு வாரம் மாத்திரை விட்டாலே திரும்ப ஆஸ்பத்திரிதான்.

எல்லாரும் மாட்டுற இடம்: ஆதார்

மருந்து வாங்குறது கூட லேசு, இந்த ஓ.டி.பி.தான் பாடு. ஆதார்ல மகனோட நம்பர கொடுத்திருப்பாங்க, மகன் துபாய்ல இருப்பான், இங்க இருந்தப்ப இருந்த சிம் இப்ப செத்துப்போயிருக்கும். இ-சேவை மையத்துல அம்மைய உக்கார வச்சுட்டு ஓ.டி.பி. வரல வரலன்னு காத்துக்கிட்டு இருக்கிறதுல பிரயோஜனம் இல்ல. எந்தக் கார்டுக்கும் அலையிறதுக்கு முன்னால ஆதார்ல வீட்டுல இருக்கிற போன் நம்பர சேத்திருங்க, தபால் ஆபீசு ஆதார் மையத்துல பண்ணலாம்.

கைரேகையும் பிரச்சனை. முந்திரி உடைச்சவங்களுக்கு அந்த ஓட்டுப் பால் பட்டு விரல் தேஞ்சு போயிருக்கும், ரப்பர் வெட்டினவங்களுக்கும் அப்படித்தான், மெஷின்ல எத்தனை தடவை வச்சாலும் எடுக்காது. கருவிழி வச்சோ முகத்த வச்சோ பாக்குற வழி இருக்கு, ஆயுஷ்மான் ஆப்லயே முகம் காட்டுற முறை உண்டு, அதக் கேளுங்க. “ரேகை விழல, நாளைக்கு வாங்க”ன்னு சொன்னா வயசானவங்க திரும்பி வந்திருவாங்க, கூட போறவங்க வாய் திறந்து கேக்கணும்.

பேரும் பிறந்த வருஷமும் ரேஷன் கார்டு, ஆதார், பென்ஷன் புக்குன்னு மூணுலயும் மூணு விதமா இருக்கும், இங்க பேருக்குப் பின்னால வீட்டுப் பேரு, அப்பா பேரு, ஞானஸ்நானப் பேருன்னு ஒவ்வொண்ணுல ஒவ்வொண்ணு. ஆதார எல்லாத்துக்கும் மூலமா வச்சுக்கிட்டு மத்தத அதுக்கு ஏத்தபடி திருத்துங்க.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டும் ஆயுஷ்மான் கார்டும் இலவசம். போன்ல கூப்பிட்டு “ஆயுஷ்மான் கார்டு வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க”ன்னு கேட்டா வச்சிருங்கன்னு பெரியவங்ககிட்ட சொல்லி வையுங்க. வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்கிற வீடுன்னு தெரிஞ்சுக்கிட்டே கூப்பிடுறாங்க.

மாத்திரை இல்லன்னு சொன்னா

சில மாசம் ஸ்டாக் வராது, நடக்கத்தான் செய்யும். அதனால கையில ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே போகணும், தீந்த அன்னைக்குப் போகக் கூடாது, மழைக்காலத்துலயும் கடல் சீற்ற நேரத்துலயும் கரையோர ஊர்க்காரங்க இன்னும் கொஞ்சம் முன்னாலயே வாங்கி வைக்கிறது நல்லது. இல்லன்னு சொன்னா பார்மசிஸ்ட்கிட்ட எப்ப வரும்னு கேளுங்க, பக்கத்து நிலையத்துல இருக்கான்னும் கேளுங்க, பல நேரம் அவங்களே போன் பண்ணிப் பாப்பாங்க. அதுக்கும் வழி இல்லன்னா டாக்டர்கிட்ட மருந்துப் பேர எழுதி வாங்கி மலிவு மருந்தகத்துல ஒரு பத்து நாளைக்கு மட்டும் வாங்குங்க. தொடர்ந்து ரெண்டு மாசம் அதே மருந்து இல்லன்னா வட்டார மருத்துவ அலுவலர்கிட்ட எழுதிக் கொடுங்க, 104 மருத்துவ உதவி நம்பர்லயும் கூப்பிட்டுப் பதிவு பண்ணுங்க, எந்த நிலையம், எந்த மருந்து, எந்த தேதின்னு மூணும் சொல்லணும், சும்மா “மருந்தே கெடைக்கல”ன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ஆயுஷ்மான் கார்டு சம்பந்தமா 14555, பாத்துக்க ஆளில்லாத முதியவங்களுக்கு 14567. நெஞ்சு வலின்னா இந்த நம்பர் எதுவும் வேண்டாம், 108 கூப்பிடுங்க, அது வர லேட்டாகும்னா பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போங்க, 2023-ல இருந்து மாரடைப்புக்கு முதல்ல கொடுக்கிற மாத்திரைகள் அங்கயே வச்சிருக்காங்க.